பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பி ஸ்பீக்கர் வாங்கலாமா?



ஆன்லைனில் ஸ்பீக்கர் தேடினால் முதலில் கண்ணில் படுவது வாட்தான். "100 வாட்", "200 வாட்", இன்னும் கொஞ்சம் கீழே போனால் "2000 வாட் பி.எம்.பி.ஓ." பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயர் போர்டு, அதிலும் "100 + 100 வாட்". இரண்டையும் கார்ட்டில் போட்டுட்டா வேலை முடிஞ்சுது என்று தோன்றும். ஆனால் ஒரு ஸ்பீக்கரும் ஒரு ஆம்பும் பொருந்துமா என்பதை அந்த வாட் எண் சொல்லாது. சொல்பவை வேறு மூன்று: சென்சிடிவிட்டி, இம்பீடன்ஸ், நீங்கள் உட்காரும் தூரம். இந்த மூன்றையும் வைத்து ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. பகுதி நேர வேலையிலோ உதவித்தொகையிலோ சேர்த்த காசை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் வருட இயற்பியலும் ஓம் விதியும் தெரிந்திருந்தால் போதும்.

சின்னப் பெட்டிக்கு ஒரு விதி

அமெரிக்காவில் கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பெனி இருந்தது. அதன் பெயரிலுள்ள கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரர் ஜோசப் ஆன்டன் ஹோஃப்மன். இவர் பெயரில் வழங்கும் "இரும்பு விதி" இதுதான்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி. இந்த மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஏன்? பேஸ் என்பது காற்றை நகர்த்தும் வேலை. அதிர்வெண் பாதியானால், அதே ஒலி அளவைத் தர கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசையும் கோன், 40 ஹெர்ட்ஸில் அதே சத்தத்துக்கு 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். இது போதாதென்று, 5 அங்குல வூஃபரின் பரப்பு 10 அங்குல வூஃபரின் பரப்பில் கால் பங்குதான். அங்கேயும் நான்கு மடங்கு உழைப்பு. பெட்டி சின்னதாக ஆக ஆக உள்ளே அடைபட்ட காற்றும் விறைப்பான ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும்.

ஆகவே, கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைக் காட்டி "ஆழமான பேஸ், அதிரும் சத்தம், குறைந்த மின்சாரம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் யாராவது சொன்னால், கொஞ்சம் உஷாராகிடுங்க. இயற்பியல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பாடம் படிக்க ஒரு பழைய பெட்டி

இந்த விதியைக் கண்ணால் பார்க்க நல்ல உதாரணம் பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ. 1970களின் தொடக்கத்தில் பி.பி.சி. ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிய மானிட்டர் ஸ்பீக்கர் இது. ஸ்டுடியோவில் பெரிய மானிட்டர்கள் இருந்தன. ஆனால் வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்யப் போகும் வேனுக்குள் அவற்றை எங்கே வைப்பது? இடமே இல்லை. முக்கியமாகப் பேச்சுக்குரலைச் சரியாகக் காட்டக்கூடிய, தலைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டது.

உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ., ஆழம் 16 செ.மீ. உள்ளே சுமார் 5 லிட்டர் காற்று. போர்ட் எதுவும் இல்லாத, முழுக்க அடைத்த பெட்டி. கே.இ.எஃப். கம்பெனியின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும். வடிவமைப்பின் விவரங்களை 1976இல் ஆராய்ச்சி அறிக்கையாகவே பி.பி.சி. வெளியிட்டது. ரோஜர்ஸ், ஸ்பெண்டர், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. இன்றைக்கும் இதை அதிக விலைக்குத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நாம் வாங்கப் போவதில்லை, படிக்கப் போகிறோம். இதன் எண்கள் வெளிப்படையாக இருப்பதால் கணக்குப் போட வசதி.

வடிவமைத்தவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெட்டி சின்னது, அதை மாற்ற முடியாது. ஆழமான பேஸை விட்டார்கள்: சுமார் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி இறங்கிவிடும். பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்ச் சுரம் 41 ஹெர்ட்ஸ். அதன் அடிப்படை அதிர்வை இந்தப் பெட்டி முழுதாகத் தராது. அது மட்டுமல்ல, சென்சிடிவிட்டியையும் விட்டார்கள். கனமான கோன், அதன் மேடு பள்ளங்களைச் சமன் செய்ய நிறைய உறுப்புகள் கொண்ட கிராஸ்ஓவர். விளைவு, சென்சிடிவிட்டி 82.5 டெசிபல்தான். பதிலுக்குக் கிடைத்தது மனிதக் குரலின் நேர்மை. வேனுக்குள் அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நல்ல வடிவமைப்பு என்றால் இதுதான்: எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவது. வாங்கும் நாமும் அப்படித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்சிடிவிட்டியைப் படிப்பது எப்படி?

ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது? அதுதான் சென்சிடிவிட்டி. ஏன் 2.83 என்ற விநோதமான எண்? வோல்ட்டை வர்க்கப்படுத்தி ஓமால் வகுத்தால் வாட். 2.83இன் வர்க்கம் 8. எனவே 8 ஓம் ஸ்பீக்கரில் அது சரியாக 1 வாட்.

இனி மூன்று விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்.

1. ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்கு ஆக வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு.
2. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் உண்மையில் இவ்வளவு குறையாது. கணக்குக்கு 6 என்றே வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.
3. ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்பீக்கர் பாடினால் சுமார் 3 டெசிபல் கூடும்.

இப்போது கணக்கு

முதலில் எவ்வளவு சத்தம் வேண்டும்? நிதானமாகப் பாட்டுக் கேட்க சராசரி 75 டெசிபல் தாராளம். ஆனால் இசை ஒரே மட்டத்தில் ஓடாது. மிருதங்கத்தில் ஒரு அடி, டிரம்ஸில் ஒரு தட்டு என்று நொடிப்பொழுதில் எகிறி இறங்கும். அந்த உச்சங்களுக்காக இன்னும் 20 டெசிபல் ஒதுக்குவோம். ஆக, உச்சத்தில் 95 டெசிபல் தாங்க வேண்டும்.

எல்.எஸ்.3/5ஏ ஜோடியை 2 மீட்டர் தள்ளி வைத்துக் கேட்கிறோம் என்று வையுங்கள்.

82.5இல் தூரத்துக்காக 6 கழித்தால் 76.5. ஜோடிக்காக 3 கூட்டினால் 79.5. இது 2.83 வோல்ட்டில் கிடைப்பது. தேவை 95. மீதி 15.5 டெசிபல். பத்தின் அடுக்கு 1.55 என்றால் சுமார் 35. அதாவது, 8 ஓமில் ஒரு சேனலுக்கு 35 வாட் தரக்கூடிய ஆம்ப் வேண்டும்.

அதே ஜோடியை மேசையில் 1 மீட்டரில் வைத்தால்? 6 டெசிபல் மிச்சம். தேவை 9.5 டெசிபல்தான். 9 வாட் போதும்!

வேறு வேறு சென்சிடிவிட்டிக்கும் இதே கணக்கு, 8 ஓம் ஆம்ப் அளவில்:

82.5 டெசிபல்: 1 மீட்டரில் 9 வாட், 2 மீட்டரில் 35 வாட்
85 டெசிபல்: 1 மீட்டரில் 5 வாட், 2 மீட்டரில் 20 வாட்
88 டெசிபல்: 1 மீட்டரில் 2.5 வாட், 2 மீட்டரில் 10 வாட்
90 டெசிபல்: 1 மீட்டரில் 1.6 வாட், 2 மீட்டரில் 6.3 வாட்

ஒரு நிமிடம் இந்தப் பட்டியலையே பாருங்க. 82.5இலிருந்து 88க்குப் போனால் ஆம்பின் தேவை மூன்றரை மடங்கு குறைகிறது. 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு நாற்காலியை இழுத்தால் நான்கு மடங்கு குறைகிறது, அதுவும் பைசா செலவில்லாமல். "100 வாட்" என்ற விளம்பரத்துக்கு இந்தக் கணக்கில் எங்கேயுமே இடம் வரவில்லை என்பதையும் கவனிங்க.

இம்பீடன்ஸ்: வாட்டை விட்டு வோல்ட்டில் யோசியுங்கள்

சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்போ கிளாஸ்-டி ஆம்போ, அடிப்படையில் ஒரு வோல்ட்டேஜ் சோர்ஸ். எத்தனை ஓம் இணைத்தாலும் அது தர முயல்வது அதே வோல்ட்டைத்தான். கரன்ட் எவ்வளவு போகும் என்பதை ஸ்பீக்கர் தீர்மானிக்கிறது.

எல்.எஸ்.3/5ஏயின் முதல் வகை 15 ஓம். 1980களின் பிற்பகுதியில் 11 ஓமாக மாறியது. நாம் கண்டுபிடித்த 35 வாட் ஆம்ப் 8 ஓமில் தரும் வோல்ட் சுமார் 16.7. அதையே 15 ஓமில் கொடுத்தால் போவது 18.6 வாட்தான். "அப்போ சத்தம் குறையுமா?" குறையாது. சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டுக்கு அளந்திருப்பதால், தேவையான வோல்ட் கிடைத்தாலே தேவையான டெசிபல் வந்துவிடும். ஆம்புக்கும் சுமை குறைவு.

4 ஓம் ஸ்பீக்கரில் கதை தலைகீழ். "87 டெசிபல், 2.83 வோல்ட், 4 ஓம்" என்று போட்டிருந்தால், 2.83 வோல்ட் அங்கே 2 வாட் ஆகிறது. உண்மையில் 1 வாட்டுக்கு 84 டெசிபல்தான். காகிதத்தில் 3 டெசிபல் இலவசமாகக் கிடைத்தது போல இருக்கும். அதற்கான கரன்ட்டை உங்கள் ஆம்ப்தான் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். எனவே ஆம்பின் விவரத்தில் "4 ஓம் தாங்கும்" என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் 4 ஓம் ஸ்பீக்கரைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. "8 ஓம்" என்பது ஒரு பெயர்தான். அதிர்வெண்ணைப் பொறுத்து உண்மையான இம்பீடன்ஸ் 30 ஓமுக்கும் ஏறும், 6 ஓமுக்கும் இறங்கும். ஸ்பீக்கர் விவரத்தில் "குறைந்தபட்ச இம்பீடன்ஸ்" என்று தனியாகக் கொடுத்திருந்தால் அந்த எண்ணையே நம்புங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். பயப்படாதீங்க, அது டி.சி. மின்தடை.

"100 வாட்" போர்டும் 12 வோல்ட் அடாப்டரும்

ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் மாணவர்கள் அதிகம் வாங்குவது டி.பி.ஏ.3116 என்ற சிப் போட்ட கிளாஸ்-டி போர்டுகள். நல்ல சிப், 4.5 வோல்ட்டிலிருந்து 26 வோல்ட் வரை வேலை செய்யும். பிரச்சினை சிப்பில் இல்லை, அதற்கு நாம் கொடுக்கும் சப்ளையில்.

இந்த வகை போர்டுகள் பிரிட்ஜ் முறையில் வேலை செய்வதால், ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்ட் ஏறக்குறைய சப்ளை வோல்ட்டுக்குச் சமம். அதைத் தாண்ட வழியே இல்லை. சைன் அலைக்குச் சூத்திரம் எளிது: சப்ளை வோல்ட்டின் வர்க்கத்தை, ஓமின் இரண்டு மடங்கால் வகுக்கவும்.

12 வோல்ட், 8 ஓம்: 144ஐ 16ஆல் வகுத்தால் 9 வாட்.
19 வோல்ட், 8 ஓம்: 361ஐ 16ஆல் வகுத்தால் சுமார் 22 வாட்.
24 வோல்ட், 8 ஓம்: 576ஐ 16ஆல் வகுத்தால் 36 வாட்.

இவை ஏட்டுக்கணக்கின் உச்ச வரம்பு. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். ஆக, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் "100 வாட்" போர்டு, 8 ஓமில் 9 வாட்டைத் தாண்டாது. அடாப்டர் 2 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 24 வாட். ஒரு நொடி உச்சத்துக்குக் கெப்பாசிட்டர்கள் கைகொடுக்கும், ஆனால் உள்ளே போனதை விட அதிகமாக வெளியே தொடர்ந்து வர முடியாது. பி.எம்.பி.ஓ. விளம்பரத்தையும் இதே வழியில் சோதிக்கலாம்: செட்டின் பின்பக்கம் திருப்பி மின் நுகர்வு எத்தனை வாட் என்று பாருங்கள். 40 வாட் இழுக்கும் பெட்டி 2000 வாட் பாடாது.

நல்ல செய்தி என்னன்னா, பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் சும்மா கிடந்தால், அது இந்த போர்டுக்கு அருமையான சப்ளை. 85 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடியை 2 மீட்டரில் வைத்துக் கேட்க 20 வாட் வேண்டும் என்று மேலே பார்த்தோம். கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் சிக்னல் இருக்கும். இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் ஒயர்களை ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். கிரவுண்டிலும் கொடுக்காதீர்கள். போர்டு போய்விடும்.

சின்ன ஆம்ப் ட்வீட்டரை எரிக்குமா?

எரிக்கும். பலரும் நம்ப மறுப்பது இதைத்தான். ஆம்ப் தன் சப்ளை வோல்ட்டை எட்டியதும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், அதுதான் கிளிப்பிங். இசையில் பெரும்பங்கு ஆற்றல் பேஸில் இருப்பதால் முதலில் கூரையைத் தொடுவது பேஸ். அதற்கு மேலும் வால்யூமைத் திருகினால் பேஸ் ஏறாது, மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டரின் மெல்லிய காயில் அதுவரை பார்க்காத சூடு ஏறும்.

அதற்காக 200 வாட் ஆம்பை 5 அங்குல ஸ்பீக்கரில் மாட்டி முறுக்கினாலும் ஆபத்துதான். வூஃபர் அசைய முடிந்த எல்லையைத் தாண்டும். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் வாட் எண் சூட்டைப் பற்றியது மட்டும். கோனின் அசைவெல்லையை அது சொல்வதில்லை. கணக்கில் வந்த வாட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை ஆம்ப் எடுத்து, ஒலி கரகரக்கத் தொடங்கும் முன்பே கையை எடுத்துவிடுங்கள். இதுதான் பாதுகாப்பான வழி.

அறையும் ஒரு உறுப்பு

10க்கு 12 அடி அறை என்று வையுங்கள். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறையின் முதல் ஒத்ததிர்வு வரும்: 12 அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்கள் அறையின் சில இடங்களில் பூதாகரமாகவும், சில இடங்களில் காணாமலும் போகும். ஆழமான பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரை இங்கே கொண்டுவந்து வைத்தால் "டம் டம்" என்று ஒரே சுரம் முழங்கும். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். 70 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி இந்த அறைக்கு ஒருவகையில் வரம்தான்.

பின்பக்கம் போர்ட் இருந்தால் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூலையில் வைக்க வேண்டாம். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். மேசை தாழ்வாக இருந்தால் இரண்டு தடிப் புத்தகங்கள் போதும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம்.

ஒயருக்குக் காசைக் கொட்டாதீர்கள். 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர 6 மீட்டர், மொத்தம் 0.07 ஓம். 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கேட்டுப் பார்க்கும்போது

கடையில் இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒன்று 1 டெசிபல் சத்தமாக இருந்தாலே "இதுதான் நல்லா இருக்கு" என்று காது சொல்லிவிடும். போனில் இலவச டெசிபல் மீட்டர் ஆப் ஒன்று போட்டுக்கொண்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். கடைக்காரரின் டெமோ பாட்டு வேண்டாம். நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டைக் கொண்டுபோங்கள். முதலில் குரல்: மூக்கடைத்தது போலவோ, குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலவோ இருக்கக் கூடாது. அடுத்து மிருதங்கம்: வலந்தலையின் நாதமும் தொப்பியின் கும்கியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கடைசியில் வால்யூமை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் குரல் தெளிவாக இருந்தால் நல்ல ஸ்பீக்கர்.

வாங்கும் வரிசை

1. எங்கே உட்காரப் போகிறீர்கள்? தூரத்தை டேப் வைத்து அளக்கவும்.
2. ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுக்கவும். பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கே.
3. சென்சிடிவிட்டி, இம்பீடன்ஸ் இரண்டையும் குறித்துக்கொண்டு மேலே உள்ள கணக்கைப் போடவும்.
4. வந்த வாட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தரும் ஆம்பைப் பார்க்கவும். "எத்தனை ஓமில், எத்தனை வோல்ட் சப்ளையில்" என்று சொல்லாத வாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.
5. மேசையில் 1 மீட்டருக்குள் மட்டுமே கேட்பவராக இருந்தால், ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கரையும் யோசிக்கவும். பொருத்தும் வேலையைத் தயாரித்தவரே முடித்திருப்பார்.

கடைசியாக ஒன்று. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஸ்பீக்கர் போனால் வேறு வாங்கலாம், காதுக்கு ஸ்பேர் கிடையாது.

இப்போ உங்க முறை. அறையில் இருக்கும் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைத் தேடி எடுத்து, தூரத்தை அளந்து, கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது எத்தனை வாட் என்று தெரிந்தால் சிரிப்பு வரும்.